கொஞ்சம் சின்னதாக இன்னொன்று

ஜனவரி 24

காய்ச்சல், மருந்து, டாக்டர் சொல்வது எல்லாவற்றையும் தினமும் எழுதி வைக்கச் சொன்னார் நர்ஸ். கீழே கடையில் ஒரு நோட்டு வாங்கினேன். முன்பக்கம் என் வீட்டுக்காரருக்கு, பின்பக்கம் எனக்கு.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்து கிளம்பிவிட்டதாகச் சொன்னார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய சட்டையை மடிக்கும்போதுதான் ரகு போன் பண்ணினார். இவருடைய தம்பி ரகுபதி. "அண்ணி, கதவைப் பூட்டிட்டு கீழ வாங்க. அண்ணனுக்கு சின்ன அடி" என்றார்.

சின்ன அடி! மண்டையைத் திறந்து ஆபரேஷன் பண்ணியிருக்கிறார்கள். தலையை மொட்டையடித்துவிட்டார்கள். முகம் வீங்கி வேறு யாரோ மாதிரி இருக்கிறார். இன்னும் கண் திறக்கவில்லை.

கார் டயர் வெடித்து, ரோட்டு நடுச்சுவரில் மோதிவிட்டதாம். ரகு சொன்னார். போலீஸ் ஸ்டேஷன் விஷயமெல்லாம் அவர் பார்த்துக்கொள்வாராம்.

அந்தச் சட்டை பாதி மடித்தபடி கட்டில்மேல் கிடக்கும்.

ஜனவரி 25

கண் திறக்கவில்லை.

ஜனவரி 26

ஐ.சி.யு.வுக்கு வெளியே இருக்கும் ஹாலில்தான் குளிக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் இருக்கிறேன். சுவரில் டி.வி. சத்தமில்லாமல் ஓடுகிறது. கண்ணாடிக் கதவைத் திறந்து இவர் பெயரைச் சொல்லி, "தனபால் அட்டெண்டர்" என்று கூப்பிட்டால் ஓட வேண்டும். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றுவிடுகிறேன்.

மகள் அகல்யா ரகு வீட்டில் இருக்கிறாள். பிளஸ் டூ பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். ரகுவின் மனைவிதான் அவளுக்குச் சமைத்துப் போட்டு, எனக்கும் டிபன் கட்டி அனுப்புகிறாள். அவர்கள் இல்லையென்றால் நான் என்ன ஆகியிருப்பேன்!

மத்தியானம் என்னை அறியாமல் புடவை முந்தானையிலிருந்து நூல் நூலாக உருவிக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, புடவையைப் பிய்க்காதீங்க. இதைப் பிடிங்க."

கையில் ஒரு குரோஷா ஊசியையும் மஞ்சள் உல்லன் நூலையும் வைத்தாள். பெயர் ரோஸ்லின். இருபத்துநாலு வயதிருக்கும். கிளிப், சாவிக்கொத்து பொம்மை என்று பின்னி இன்ஸ்டாகிராமில் விற்கிறாளாம். அண்ணன் எட்வின் உள்ளே இருக்கிறார். பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு நேற்று இங்கே மாற்றினார்களாம்.

நூலில் ஒரு முடிச்சு. அதற்குள் ஊசியை விட்டு நூலை இழுத்தால் ஒரு கண்ணி. அதற்குள் இன்னொன்று. இப்படியே போனால் செயின். என் செயின் சில இடத்தில் தளர்ந்து சில இடத்தில் இறுகி, பார்க்கவே கண்றாவியாக இருந்தது.

"மூச்சை விடுங்கக்கா. நீங்க மூச்சைப் பிடிச்சா நூலும் இறுகிக்குது."

ஜனவரி 28

கண் திறக்கவில்லை. விரலை அசைத்தாராம். எனக்குத் தெரியவில்லை, நர்ஸ் சொன்னார்.

டம்ளர் வைக்கும் சதுரம் ஒன்று பின்னச் சொன்னாள் ரோஸ்லின். ஆரம்பிக்கிறவர்களுக்கு அதுதான் சுலபமாம். என் சதுரம் மேலே போகப் போக ஒடுங்கி முக்கோணமாகிவிட்டது. ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணியை விட்டுவிடுகிறேனாம். அது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்கே தெரிவதில்லை. பிரித்தேன். திரும்பப் போட்டேன். திரும்பவும் முக்கோணம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் தூக்கிவாரிப்போட்டது. அவர் அப்படிக் கிடக்கும்போது நான் சிரிக்கிறேன்.

ரோஸ்லின் தன் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள்.

ஜனவரி 29

அவள் அண்ணனைப் பற்றிச் சொன்னாள். ஒரு ஸ்கூலில் ஃபுட்பால் கோச். அப்பா அம்மா இல்லை, இவர்கள் இரண்டு பேர்தான். பைக்கில் வரும்போது பைபாஸில் ஒரு கார் மோதிவிட்டது. வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிக் கிடக்கிறது. ரத்த ஓட்டம் இல்லையாம்.

"பெட்ரோல் பங்க்குக்கு முன்னாடிக்கா. கார்க்காரர் ராங் சைடுல வந்தார்னு அங்க டீக்கடையில யாரோ சொன்னாங்களாம். சித்தப்பா போய்க் கேட்டப்ப யாரும் வாயைத் திறக்கலை. இவனுக்கும் ஒண்ணும் ஞாபகமில்லை. நான்தான் வேகமா வந்திருப்பேன், நான்தான் வேகமா வந்திருப்பேன்னு அதையே சொல்லிட்டு இருக்கான்."

"என்னைக்கு நடந்தது?"

"போன வியாழக்கிழமை."

இவருக்கும் வியாழக்கிழமைதான். அந்த பைபாஸே சரியில்லை, ஏதாவது நடந்துகொண்டேதான் இருக்கும். ரகுவிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். அவர் மருந்து வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்ததும் மறந்துவிட்டது.

சதுரம் இன்று சதுரமாகவே வந்தது.

ஜனவரி 31

நேற்று எட்வினின் காலை எடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டது ரோஸ்லின். திரும்பி வந்து உட்கார்ந்தவள் ஊசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பின்னப் பார்த்தாள். நான் வாங்கித் திருப்பிக் கொடுத்தேன். அதற்கு மேல் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பிப்ரவரி 1

கண் திறந்துவிட்டார்!

என்னைப் பார்த்தார். "சுகு" என்றார். வார்த்தை குழறியது, ஆனால் என் பெயர்தான். ஹாலுக்கு ஓடி வந்து ரோஸ்லினைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவளும் அழுதாள். நேற்று முன்தினம் அண்ணன் காலைப் பறிகொடுத்த பெண், என் புருஷன் கண் திறந்ததற்காக அழுகிறாள். எப்பேர்ப்பட்ட பெண்!

பிப்ரவரி 3

ஏ.சி.யில் மொட்டைத் தலை குளிர்கிறது என்கிறார். தொப்பி போட்டுக் கொடுக்கிறேன் என்று ஆரம்பித்துவிட்டேன். தையல் உறுத்தக் கூடாது என்பதால் பருத்தி நூல், சாம்பல் நிறம். நடுவில் ஒரு வளையம் போட்டு, அதைச் சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். ஒரே கண்ணிக்குள் இரண்டு தடவை குத்தினால் வட்டம் விரியும். குத்தாவிட்டால் கிண்ணம் மாதிரிக் குவியும். "உங்களுக்குக் கிண்ணம்தானே வேணும், விடுங்க" என்றாள் ரோஸ்லின்.

பாதி முடிந்துவிட்டது. என் கையால் ஒரு உருப்படியான பொருள்.

அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, இதே மாதிரி கொஞ்சம் சின்னதா இன்னொண்ணு போட்டுத் தர்றீங்களா? எனக்கு இப்ப கை வர மாட்டேங்குது."

யார் வீட்டுக் குழந்தைக்கோ என்று நினைத்தேன். என்ன கலர் என்று கேட்டேன். எதுவாக இருந்தாலும் சரி என்றாள்.

பிப்ரவரி 5

இவருக்குத் தொப்பி போட்டுவிட்டேன். சரியாக இருந்தது. ஒரு பக்கம் வாய் கோணினாலும் சிரித்தார்.

சின்னதையும் முடித்தேன். பச்சை. குழந்தைக்கு என்று உச்சியில் ஒரு குஞ்சம்கூட வைத்தேன். ரோஸ்லின் குஞ்சத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதை எடுத்திடலாமாக்கா?"

"ஏன், குழந்தைக்கு அழகா இருக்குமே!"

"குழந்தைக்கு இல்லைக்கா. எட்வின் காலுக்கு. கட்டோட அந்த முனையைப் பாக்க மாட்டேங்கறான். போர்வை விலகினா கண்ணை மூடிக்கறான். மேல ஏதாவது போட்டு மூடி வச்சா பாப்பானோன்னு…"

ஒரு மனிதனின் கால் முடிகிற இடத்துக்கு நான் குஞ்சம் வைத்திருக்கிறேன். கத்தரி வாங்கிவந்து அங்கேயே அறுத்தேன். அளவு சரியாக இருக்கிறதா என்று அவள் தன் முட்டியில் மாட்டிப் பார்த்தாள். என்னால் பார்க்க முடியவில்லை.

பிப்ரவரி 7

எட்வின் போட்டுக்கொண்டாராம். முதல் தடவையாகக் குனிந்து பார்த்தாராம். "யாரு போட்டது?" என்று கேட்டாராம். "பக்கத்து நாற்காலி அக்கா" என்றாளாம்.

பிப்ரவரி 8

எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் ஒரு போலீஸ்காரர் ஹாலுக்கு வந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பைபாஸ் பங்க் ஆக்சிடென்ட் கேஸ். கார் ஓட்டுன தனபால் சைடுல யாரு? பைக் எட்வின் சைடுல யாரு?" என்றார்.

நான் எழுந்தேன். ரோஸ்லினும் எழுந்தாள்.

அவ்வளவு பெரிய ஹாலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும், தோளோடு தோள் உரச. எங்கள் மடியிலிருந்த நூல்கள் சிக்கிக்கொண்டு, அவள் நகர்ந்தபோது என் கையிலிருந்ததும் சேர்ந்து இழுபட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். என் வாயிலிருந்து, "டயர் வெடிச்சு…" என்று மட்டும் வந்தது. அவள் தன் நூலைப் பிரித்துக்கூட எடுக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஹாலின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள்.

பைக்தான் கட்டுக்கடங்காத வேகத்தில் வந்து மோதியதாக போலீஸ்காரர் கையில் இருந்த பேப்பரில் இருந்தது. எட்வினும் அதைத்தான் சொல்லியிருக்கிறாராம்.

பிப்ரவரி 9

ரகு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"டயர் வெடிச்சுதுன்னு சொன்னீங்களே ரகு."

"அன்னைக்கு நீங்க இருந்த நிலைமையில வேற என்ன சொல்றது அண்ணி?"

"யார் ராங் சைடு?"

அவர் கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தார். எனக்குப் பதில் தேவையும் இல்லை. அந்தக் காரில் நான் எத்தனை தடவை போயிருக்கிறேன்! யு டர்ன் தூரம் என்று பங்க் பக்கமாக எதிர்த்திசையில்தான் நுழைவார். "பத்தடி தூரம்தானே" என்பார். ரோஸ்லின் பங்க் என்று சொன்ன அன்றைக்கே எனக்குள் ஏதோ சில்லிட்டது. அதை இங்கே எழுதவில்லை.

"அண்ணனுக்கு கவர்மெண்ட் வேலை அண்ணி. கேஸ் ஆனா சஸ்பெண்ட். அவருக்கே ஒண்ணும் ஞாபகமில்லை. அந்தப் பையனுக்கும் ஞாபகமில்லை. இப்படியே போகட்டும். யாருக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"ஒரு கால் குறைஞ்சு போச்சு."

ரகு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவரும் இத்தனை நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. பங்க் ஓனர் அவருடைய கூட்டாளியாம். கேமராவில் பதிந்ததை வாங்கி போனில் வைத்திருக்கிறார். அங்கே அழித்தாகிவிட்டது. "இதையும் அழிச்சிடலாம்னு தினமும் எடுக்கறேன் அண்ணி. கை வர மாட்டேங்குது."

எனக்கு அனுப்பச் சொன்னேன். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அனுப்பினார்.

பிப்ரவரி 10

பார்த்தேன்.

பிப்ரவரி 12

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இட்லி சாப்பிட்டார். வலது கையில் பலம் வரவில்லை. பிஸியோதெரபிஸ்ட் பந்து கொடுத்து அமுக்கச் சொல்கிறார்.

எட்வினும் இதே மாடியில், வராந்தாவின் மறுகோடி அறையில். தண்ணீர் பிடிக்கப் போனால் ரோஸ்லின் எதிரே வருகிறாள். குழாயை விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறாள்.

குரோஷா ஊசியைத் தொட்டேன். ஒரு கண்ணிகூட வரவில்லை.

பிப்ரவரி 14

"அந்தப் பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார். பைக்கில் வந்த பையன் மோதிவிட்டதாக ரகு அவரிடம் சொல்லியிருக்கிறார். "பாவம், சின்ன வயசு. இப்படி வேகமாப் போறாங்களே" என்றார்.

நான் வாளித் துணியை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாது. அதுதான் என்னைக் கொல்கிறது.

பிப்ரவரி 15

ஆயா சொன்னார்: அந்தக் கோடி அறைத் தம்பியைப் பார்க்க ஸ்கூல் பிள்ளைகள் வந்தார்களாம். அவர்களிடம், "என்னை மாதிரி யாரும் வேகமா ஓட்டாதீங்கடா" என்றாராம். பிள்ளைகள் அழுதார்களாம்.

இனிமேல் என்னால் முடியாது.

பிப்ரவரி 16

மத்தியானம் சொன்னேன். முதலில் அவர் நம்பவில்லை. "சுகு, நான் அப்படி வருவேனா?" என்றார். "தினமும் வருவீங்களே" என்றேன். போனை அவர் எதிரே பிடித்தேன்.

பார்த்து முடித்ததும் அவர் முகத்தில் ரத்தமே இல்லை. நர்ஸைக் கூப்பிட எழுந்தேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒரு மனிதருக்கு அவர் செய்ததையே நான் புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லியிருக்கக் கூடாதோ, தலையில் ஏதாவது ஆகிவிடுமோ என்று சாயங்காலம்வரை பயந்துகொண்டே இருந்தேன்.

சாயங்காலம் பேசினார். "நாளைக்கு அங்க என்னைக் கூட்டிட்டுப் போ."

பிப்ரவரி 17

வீல்சேரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். ரோஸ்லின் கதவைத் திறந்தாள். எங்களைப் பார்த்ததும் மூடப் போனாள். "விடு, யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

எட்வினை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். நல்ல உயரம். கட்டிலுக்கு வெளியே ஒரு பாதம்தான் நீட்டிக்கொண்டிருந்தது. மற்றதன் மேல் நான் பின்னிய பச்சை.

"நீங்கதானே பக்கத்து நாற்காலி அக்கா?" என்று சிரித்தார். ரோஸ்லின் அவரிடம் எதையும் சொல்லவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

இவர் பேசினார். ஒவ்வொரு வார்த்தையாக, குழறிக் குழறி. "தம்பி, அந்த கார் ஓட்டுனது நான். நான்தான் ராங் சைடுல வந்தேன். எனக்கு ஞாபகம் இல்லை. கேமராவில இருக்கு. என் சம்சாரம் காட்டினா. நீங்க சரியாத்தான் வந்திருக்கீங்க. உங்க மேல தப்பே இல்லை."

எட்வின் என்னைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றிருந்தது, அதை எடுக்க மறந்துவிட்டவர் மாதிரி.

"நான் வேகமா வரலையா?"

"இல்லை."

"ஸ்கூல்ல பசங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேனே…"

பிறகு, "வெளிய போங்க" என்றார். கத்தவில்லை. இவர், "தம்பி" என்று ஆரம்பித்தார். "வெளிய போங்க சார், ப்ளீஸ்."

வெளியே வந்த பிறகு உள்ளேயிருந்து அவர் அழுவது கேட்டது. பெரிய ஆண்பிள்ளை அப்படி அழுது நான் கேட்டதில்லை. இவர் வீல்சேரை நகர்த்த விடவில்லை. அந்தச் சத்தம் ஓயும்வரை வராந்தாவிலேயே இருந்தார்.

பிப்ரவரி 18

போலீஸ்காரரை வரச் சொல்லி வீடியோவைக் கொடுத்துவிட்டோம். அவர் அதிர்ந்துபோய், "நல்லா யோசிச்சீங்களாம்மா? உங்க வீட்டுக்காரர் மேலதான் கேஸ் திரும்பும்" என்றார். "நான் சொல்றேன், எழுதிக்கோங்க" என்றார் இவர். வலது கை வராததால் இடது கைப் பெருவிரலை மையில் தொட்டு வைத்தார்.

ரகு வந்து கேட்டுவிட்டு, வாசலோடு திரும்பிப் போனார். சாயங்காலம் அகல்யா போன் பண்ணினாள். "அப்பாவை ஜெயில்ல போடுவாங்களாம்மா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். "நீ பண்ணினது சரியாம்மா?" என்று கேட்டாள். அது தெரியும், சரிதான் என்றேன்.

அவளை நாளைக்கே இங்கே கூட்டிவந்துவிட வேண்டும். ரகு வீட்டில் இனி எப்படி விட முடியும்? ஆனால் ராத்திரிச் சாப்பாடு அங்கிருந்துதான் வந்தது. எப்போதும்போல எனக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியலோடு. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

பிப்ரவரி 20

இன்று டிஸ்சார்ஜ். பையில் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ரோஸ்லின் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"உங்க மேல கோவம் போகலைக்கா. போகும்னும் தோணலை."

நான் தலையை ஆட்டினேன்.

"எட்வின் உங்களைக் கூப்பிடறான். உங்களை மட்டும். அந்த வீடியோவைப் பாக்கணுமாம்."

வேண்டாம் என்றேன். அதைப் பார்த்த பிறகு நான் பட்டதை நினைத்துச் சொன்னேன். "நானும் அதைத்தான் சொன்னேன். கேக்க மாட்டேங்கறான்" என்றாள்.

போனேன். எட்வின் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சவரம் பண்ணியிருந்தது. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி போனை வாங்கிக்கொண்டார். ரோஸ்லின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு ஒவ்வொரு நொடியும் மனப்பாடம். முதலில் ஒரு பஸ். அப்புறம் ஒரு பால் வண்டி. அப்புறம் எட்வினின் பைக்.

முழுவதையும் பார்த்தார். கண் இமைக்கவில்லை. போனைப் பிடுங்கிவிடலாமா என்று நினைத்தேன். அவரே விரலால் பின்னுக்கு இழுத்து, ஆரம்பத்திலிருந்து வைத்தார். பஸ் போனது. பால் வண்டி போனது. பைக் வந்தது.

அந்த இடத்தில் நிறுத்தினார்.

கார் இன்னும் படத்துக்குள் வரவில்லை. சாலையின் இடது ஓரமாக, தலையில் ஹெல்மெட், இரண்டு கையும் ஹாண்டில்பாரில், முதுகு நேராக. பின்னால் ஸ்கூல் பந்துகளை ஒரு வலைப் பையில் கட்டியிருக்கிறார். அத்தனை தடவை பார்த்தும் எனக்கு அந்தப் பந்துகள் கண்ணில் பட்டதே இல்லை.

"நல்லாத்தான் ஓட்டியிருக்கேன்" என்றார்.

ரோஸ்லின் திரும்பிப் பார்த்தாள்.

"ரோஸி, இங்க வந்து பாரு. எவ்வளவு நல்லா ஓட்டியிருக்கேன் பாரு."

அவள் வந்து கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தாள். நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். பைக் அப்படியே, நேராக, அதன் பாதையில் நின்றது.